பாஷாணத்துக்கு நான் எழுதிய பெயர்

புதிதாக வார்டுகளில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணிக்காலத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் நான் கெட்டிக்காரனாக இருந்த சம்பவங்களே இருந்தன. காலரா வந்த கப்பல், தொண்டையில் மீன்முள் சிக்கிய மாலுமி, இப்படி. அவற்றால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. கெட்டிக்காரத்தனம் நாலைந்து வருடத்தில் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. அது வந்த பிறகு ஒரு டிரஸ்ஸரால் என்னவெல்லாம் செய்துவிட முடியும் என்பதைத்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. எனக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. இதை இதற்கு முன் முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்க வருடங்கள் அவை. எனக்கு இருபத்தேழு வயது. நகரத்தின் ஏழைகளுக்கான ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டருக்குக் கீழே கட்டுப் போட்டுக் கேஸ் எழுதும் டிரஸ்ஸராகப் பெரிபெரி வார்டில் இருந்தேன். இன்றைக்கு அந்த நோயைப் பற்றித் தவிடு, அரிசி என்று உங்களுக்குப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அன்றைக்கு அதன் காரணம் யாருக்கும் தெரியாது. கட்டடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கிருமி என்பார் எங்கள் துரை, வார்டின் வெள்ளைக்கார டாக்டர். ஈரத்தரை என்பார் இன்னொருவர். கட்டில்கள் மட்டும் நிறைந்தபடியே இருக்கும். மலாய்க்கரையின் வெள்ளீயச் சுரங்கங்களிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் கால் வீங்கியவர்களும் கால் விளங்காதவர்களும் வந்து இறங்குவார்கள். பாதி பேர் தேறிப் போவார்கள். பாதி பேரை நாங்கள் தூக்கி அனுப்புவோம்.

எனக்கு அந்த வார்டில் ஒரு பெயர் இருந்தது. வாசற்படி ஏறும்போதே நடையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று. முன்பாதம் தொங்கும், அதனால் முழங்காலை உயரத் தூக்கி வைப்பார்கள். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளாது. கெண்டைக்காலை அழுத்தினால் கத்துவார்கள். அவ்வளவுதான். நான் கேஸ் புத்தகத்தில் பெரிபெரி என்று எழுதிவிடுவேன், துரை வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஐம்பது தாண்டியவர், இரண்டு வார்டும் வெளிநோயாளிகளும் அவர் ஒருவர் தலையில். தமிழோ மலாயோ தெரியாது. எங்கள் வாயால்தான் நோயாளிகளை அவர் கேட்டார்.

ஒரு நாள் காலை ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் கருப்பையா. தேக்காவுக்குப் பின்னால், காலாங் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடைக்கரையில் பத்துப் பதினைந்து பால்காரக் குடும்பங்கள் கொட்டகை போட்டிருந்தன. அதில் ஒரு வீட்டுக்காரர். நல்ல ஆகிருதி. வண்டியிலிருந்து இறங்க மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். அவர் பெஞ்சுக்கு வந்து சேருமுன் என் கை பேனாவை எடுத்துவிட்டது.

மனைவி அங்கம்மா நின்றபடியே சொல்லத் தொடங்கினாள்.

"மொதல்ல வாந்தியும் வயித்தாலயும் போச்சுங்கய்யா. அப்புறம் சளி புடிச்ச மாதிரி கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி. தொண்ட கட்டிக்கிச்சு. உள்ளங்காலு எரியுது எரியுதுன்னு கத்துவாரு. இப்ப எரிச்சலு போயி மரத்துப் போச்சு. எங்க கன்னுக்குட்டி ரெண்டும் இப்படித்தான் காலு மடங்கிச் செத்துச்சுங்க. கெணத்துத் தண்ணி முன்ன மாதிரி இல்ல. பாலக் காச்சுனா…"

"இரும்மா, இரும்மா. ஒம் புருசனுக்கு என்ன, அத மட்டும் சொல்லு" என்றேன். "மாட்டுக் கதையெல்லாம் இங்க எதுக்கு?"

துரை பக்கத்து மேசையிலிருந்து நிமிர்ந்து, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவள் அவ்வளவு நேரம் பேசியதற்கு நான் கொடுத்த மொழிபெயர்ப்பு இது: "கால் மரத்துவிட்டதாம், ஐயா."

கருப்பையாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி தடித்து, மரு மருவாக இருந்தது. மாடு கறக்கிற கை, கயிறு பிடிக்கிற கை என்று நினைத்துக்கொண்டேன். மார்பிலும் முதுகிலும் தோல் கறுத்து, அதில் மழைத்துளி விழுந்த புழுதி மாதிரி சின்னச் சின்ன வெளுப்பு. பத்து நகங்களிலும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் எனக்கு இன்று கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். நகத்துக் கோட்டைப் பார்த்து, இது என்ன வேடிக்கை என்று ஒரு கணம் தோன்றியதுகூட ஞாபகம் இருக்கிறது. புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை. பெயர், வயது, ஊர், தொழில், நோய். நோய் என்ற கட்டத்தில் ஒரு சொல் எழுதினால் போதும். எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்தார். தேறினார். வயிற்றுப்போக்கு நின்றது, கோல் ஊன்றி நடந்தார். துரைக்குச் சந்தோஷம். எனக்கும்தான். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கம்மா மறுபடியும் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். தண்ணீர் லேசாகக் கலங்கி இருக்கிறதாம், நாக்கில் ஒரு மாதிரி இரும்பு ருசியாம். யார் தண்ணீரைப் பற்றிக் குறை சொன்னாலும் நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். அதையே அவளுக்கும் சொன்னேன்.

"நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க. ஒண்ணும் ஆகாது."

இரண்டரை மாதத்தில் கருப்பையா திரும்பி வந்தார். இந்தத் தடவை நடக்கவில்லை. நாலு பேர் பாயில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கையும் போய்விட்டிருந்தது, தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அந்த மாதத்திலேயே அவர் தம்பி சின்னையா வந்தான். அடுத்த கொட்டகை முனியன் வந்தார். பிறகு ஆறுமுகம், பெருமாள். ஐந்து பேருக்கும் பெரிபெரி என்று எழுதினேன். ஒரே இடத்திலிருந்து ஐந்து பேர் என்றதும் துரை தலையை ஆட்டினார். தொற்றுகிறது பார், நான் சொன்னேன் அல்லவா, அந்தக் கொட்டகைகளை இடித்துத் தீயிட வேண்டும் என்றார்.

என்னை உலுக்கியது ஒரு சாப்பாட்டு விஷயம். கருப்பையாவால் ஆஸ்பத்திரிப் பச்சரிசிச் சோற்றை விழுங்க முடியவில்லை. அங்கம்மா வீட்டிலிருந்து தூக்கில் சோறு கொண்டுவந்து, தானே பிசைந்து ஊட்டுவாள். வெளிச்சோறு கூடாது என்று சத்தம் போட்டேன்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. நாங்க பொறந்ததுலேருந்து புழுங்கலரிசிதான். இந்த வெள்ளச்சோறு அவருக்கு எறங்கல."

அவள் சொல்லிவிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நின்றேன். பெரிபெரிக்குக் காரணம் தீட்டிய பச்சரிசிதான் என்று ஒரு பேச்சு அப்போதே உலாவத் தொடங்கியிருந்தது. எங்கள் துரை அதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் அந்த வார்டில் படுத்த நம்மவர்களை நான் விரலில் எண்ணிவிடுவேன். அவர்களும் கப்பலில் வேலை பார்த்து, அங்கே கிடைத்ததைத் தின்றவர்கள். புழுங்கலரிசி தின்கிற சம்சாரி யாரும் அங்கே படுத்து நான் பார்த்ததில்லை. இப்போது ஒரே ஓடைக்கரையிலிருந்து ஐந்து பேர். நான் கருப்பையாவின் கையை எடுத்து நகங்களைப் பார்த்தேன். வெள்ளைக் கோடு இன்னும் இருந்தது. பிறகு மற்ற நாலு பேரிடமும் போய்க் கையைக் காட்டச் சொன்னேன். இருபது கட்டில் தள்ளி, சுரங்கத்திலிருந்து வந்த சீனத் தொழிலாளி ஒருவரின் கையையும் பார்த்தேன். அவர் நகத்தில் ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓடைக்கரைக்குப் போனேன். கையில் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டேன். மருந்துக் கொட்டடியின் வாசலில் அடுக்கியிருந்த காலிப் போத்தல்களில் ஒன்று.

அந்த ஓடையில் நல்ல தண்ணீர் ஓடிய காலத்தை யாரும் பார்த்ததில்லை. மேலே ஜவ்வரிசி ஆலை, அன்னாசிக் கொட்டகை, எருமைக் குட்டை, எல்லாவற்றின் கழிவும் அதில்தான். அதனால் யாரும் அதைக் குடிப்பதில்லை. கரையிலிருந்து பத்தடி தள்ளித் தோண்டிய கிணற்றைத்தான் நம்பியிருந்தார்கள். நான் போனபோது அங்கம்மா வாசலில் மூன்று கல் வைத்து ஒரு பெரிய பானையை ஏற்றியிருந்தாள். எழுந்து நின்று முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லியே ஐயா?"

"இல்லம்மா, சும்மாதான் பாக்க வந்தேன். இது என்ன?"

"தண்ணிங்க. நீங்கதான சொன்னீங்க. நான் ஒரு கொதியோட எறக்குறதில்ல. கால்வாசியா வத்துற வரைக்கும் போட்டுத்தான் எறக்குவேன். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கேன்."

அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் பானைக்குள் பார்த்தேன். அப்போது காற்று திரும்பியது. யாரோ பூண்டு வதக்குகிற வாசம்.

"பக்கத்துல யாரு சமைக்கிறது?"

"சமையல் இல்லீங்க. அந்தா, அந்த ஈயக் கொட்டாயிலேருந்து வருது. காத்து இந்தப் பக்கம் அடிச்சா இப்படித்தான். மொதல்ல நாங்களும் பூண்டுன்னுதான் நெனச்சோம்."

மருந்து கலக்கும் பரீட்சைக்கு நான் படித்தவற்றில் முக்கால்வாசி மறந்துபோயிருந்தது. இது மறக்கவில்லை. இங்கிலீஷில் ஆர்செனிக் என்கிறார்களே, அந்த வெள்ளைப் பாஷாணத்தைக் கரியோடு தணலில் போட்டால் பூண்டு மணக்கும். பரிசோதகர் ஒருவர் எங்கள் மூக்குக்கு நேராகவே செய்து காட்டியிருந்தார். தடித்த உள்ளங்கை, மரத்த கால், நகத்துக் கோடு எல்லாம் அதன் வேலைதான் என்று அப்போது புரிந்தது.

ஓடையின் மேல்பக்கம் நூறு தப்படியில் அந்தக் கொட்டகை இருந்தது. தகரக் கூரை, ஒரு குட்டைப் புகைபோக்கி. அதன் வாயைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாகப் படிந்திருந்தது. கரையில் ஒரு பெரிய படகு. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். படகோட்டி ஒரு மலாய்க்காரர். நிழலில் உட்கார்ந்திருந்த அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எதையும் மறைக்கவில்லை அவர். மலாய்க்கரையில் ஒரு புதுச் சுரங்கத்திலிருந்து ஈயக்கல் வருகிறது. அதில் வேறு ஏதோ ஒரு கல் கலந்திருக்கிறதாம். அப்படியே உருக்கினால் ஈயம் கெட்டுவிடுமாம். அதற்காக இங்கே முதலில் வறுக்கிறார்கள், பிறகு தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். அவர் தாடையால் ஓடையைக் காட்டினார். கரைச்சரிவில் சாம்பலும் மஞ்சளுமாக ஒரு குவியல், அடியில் கசிந்து ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது பரவாயில்லை" என்றார் மலாயில். "அந்தச் சுரங்கத்துக்குக் கீழே ஆற்றைப் பார்க்க வேண்டும். என் மாமனார் ஊர் அங்கேதான். கஞ்சி மாதிரி ஓடுகிறது. மீனே இல்லை. ஊரில் பாதி பேர் போய்விட்டார்கள்."

"எங்கே போனார்கள்?"

"எங்கேயோ" என்றார்.

நான் திரும்பி வந்து கிணற்றில் போத்தலை நிரப்பினேன். அங்கம்மாவிடம் இந்தத் தண்ணீரை இனி யாரும் வாயில் வைக்கக் கூடாது, கொதிக்க வைத்தும் கூடாது, ரோட்டுக்குப் போய்த் தெருக்குழாயில் பிடித்து வாருங்கள் என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. பானையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு நாளு காச்சிக் காச்சிக் குடுத்தேனே?"

பாஷாணம் காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கெட்டியாகும். நான் போத்தலை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதுவரை நடந்ததற்கு அறியாமை என்று ஒரு பெயர் சொல்லலாம். அடுத்த நாலு நாளுக்கு அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. கவனமாகப் படியுங்கள்.

திங்கட்கிழமை காலை பெரிய டிரஸ்ஸரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கட்டுப் போடவும் ஊசி பிடிக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர். முழுக்கக் கேட்டார். பிறகு வார்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். அஞ்சு பேருக்கும் யாரு எழுதுனது? நீ. கீழ யாரு கையெழுத்து? துரை. இப்ப போயி என்ன சொல்லப் போற, நம்ம ரெண்டு பேரும் தப்பாப் பாத்துட்டோம்னா? அவரு ஒத்துக்குவாரா? மொதல்ல ஒன் வேல போகும். இன்னும் கொஞ்சம் பாரு. நிச்சயமாத் தெரியட்டும். அப்புறம் சொல்லலாம்."

நிச்சயமாகத் தெரியட்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். எனக்கு அந்தச் சொல் தேவையாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். அந்த வேலை போனால் வேறு ஆஸ்பத்திரி எடுக்காது. போத்தலை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. துரை தினமும் வந்தார், கட்டில் கட்டிலாகப் பார்த்தார், நான் பின்னாலேயே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கருப்பையாவின் கட்டிலில் நின்றபோது இரண்டு தடவை வாயைத் திறந்தேன். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் கருப்பையா செத்துப்போனார். கடைசியில் மூச்சு இழுக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். நினைவு தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்து, "டிரஸ்ஸரய்யா, கொஞ்சம் நிமித்தி வையுங்க" என்றார். தலையணையை நிமிர்த்தி வைத்தேன். அதுதான் அவர் பேசியது.

துரை வந்து மரணச் சீட்டில் பெரிபெரி என்று எழுதினார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் பேனா அந்தச் சொல்லை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றும் சொல்வேன். அந்த நேரத்துக்குள் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உடலை எரிக்க விடாமல் நிறுத்தியிருப்பார்கள், அறுத்துப் பார்த்திருப்பார்கள். குடலிலும் ஈரலிலும் அது இருந்திருக்கும். சொல்லவில்லை. சாயங்காலம் எரித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை அங்கம்மா மிச்சத் துணிகளை வாங்கிப் போக வந்தாள். மூட்டை முடிச்சைக் கட்ட அவளால் முடியவில்லை. விரல்கள் முடிச்சைப் பிடிக்காமல் நழுவின. வெட்கப்பட்டு, "ராத்திரி தூக்கமில்ல, அதான்" என்றாள். நான் நகங்களைப் பார்த்தேன்.

அங்கிருந்து நேரே துரையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை வியாழக்கிழமை சொல்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்:

"நகங்களை முதல் நாளே பார்த்தாயா?"

"பார்த்தேன், ஐயா."

"நானும்தான் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

போத்தலை அன்றே பரிசோதனைக்கு அனுப்பினார். தன் பெயரிலேயே கடிதம் எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. தண்ணீரில் பாஷாணம் இருக்கிறது என்று. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு, எல்லாம் முடிந்துவிட்டது, இனி நியாயம் தானாக நடக்கும் என்று தோன்றியது. நான் அவ்வளவு சின்னப் பையனாக இருந்தேன், இருபத்தேழு வயதிலும்.

அந்தக் கடிதத்தின் பேரில் அதிகாரிகள் வைத்த விசாரணை இரண்டு மாதம் கழித்துத்தான் கூடியது. அதற்குள் படகு வருவது நின்றுவிட்டது. கரையிலிருந்த குவியலை அள்ளிவிட்டார்கள். பருவமழை பிடித்துக்கொண்டு ஓடை இரண்டு தடவை கரை புரண்டது. அதிகாரிகள் கிணற்றிலிருந்து இரண்டாவது தடவையாகத் தண்ணீர் எடுத்தது அந்த மழைக்குப் பிறகு. அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

ஈயக் கொட்டகை முதலாளிகள் தரப்பில் ஒரு வெள்ளைக்கார வக்கீல் வந்திருந்தார். சாந்தமான குரல். என்னை ஒரு தடவைகூட அதட்டவில்லை. முதலில் போத்தலைப் பற்றிக் கேட்டார்.

"அந்தப் போத்தலில் அதற்கு முன் என்ன இருந்தது?"

"தெரியாது. கழுவித்தான் எடுத்துப் போனேன்."

"உங்கள் மருந்துக் கொட்டடியில் பாஷாணம் கலந்த மருந்து உண்டா?"

"உண்டு. காய்ச்சலுக்கும் தோல் வியாதிக்கும் கொடுப்போம்."

"அந்த மருந்துப் போத்தல்கள் காலியானால் எங்கே வைப்பீர்கள்?"

வாசலில் அடுக்குவோம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? பிறகு அவர் கேஸ் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார். ஆறு இடத்தில் காகிதத் துண்டு செருகியிருந்தது. கருப்பையாவுக்கு இரண்டு தடவை, மற்றவர்களுக்கு ஒவ்வொரு தடவை.

"இது யார் எழுத்து?"

"என்னுடையது."

"நகத்தில் கோடு இருந்ததாகச் சொல்கிறீர்கள். உள்ளங்கை தடித்திருந்ததாகச் சொல்கிறீர்கள். வாந்தி, கண்ணில் நீர், கன்றுக்குட்டிகள் செத்தது, கிணற்று நீரின் ருசி. இதில் ஏதாவது ஒன்றை எனக்கு இந்தப் புத்தகத்தில் காட்டுங்கள்."

பக்கங்களைப் பார்த்தேன். ஆறு பக்கத்திலும் அந்த ஒரு சொல்தான். அழகான எழுத்து. என் எழுத்தைத் துரை எப்போதும் பாராட்டுவார்.

"காட்ட முடியாது" என்றேன்.

"நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் துரை சாட்சி சொன்னார். தன் கையெழுத்துத் தவறு என்று வாயாலேயே சொன்னார். அந்த வயதில் அந்த இடத்தில் அதைச் சொல்வது லேசு இல்லை. ஆனால் கையெழுத்து இருந்தது, உடல் இல்லை. அங்கம்மாவையும் கூப்பிட்டார்கள். அவள் என்னிடம் முதல் நாள் சொன்னதை அப்படியே, ஒரு வரி மாறாமல், மறுபடியும் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் சொன்னார். அறையில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இது புருஷனைப் பறிகொடுத்தவள் பிற்பாடு கோர்த்துக்கொண்ட கதை என்று வக்கீல் மெதுவாகச் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் புத்தகத்தில் இருக்குமே என்றார்.

முடிவு இப்படி வந்தது. நோய்க்கும் ஈயக் கொட்டகைக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. கழிவை இனி ஓடையில் விடாமல் குழி வெட்டிக் கொட்டும்படி கொட்டகைக்கு அறிவுரை. ஓடைக்கரை மாட்டுக் கொட்டகைகள் சுகாதாரக் கேடாக இருப்பதால் அங்கிருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கிணறுகளைத் தூர்த்துவிட வேண்டும்.

வெளியே வந்தபோது அங்கம்மா ஒரு தூணோரம் நின்றிருந்தாள். சின்னையா கோல் ஊன்றிப் பக்கத்தில் நின்றான். நான் அவர்களைத் தாண்டிப் போக முடியாது, வழி அதுதான்.

"எங்கள எதுக்குங்க போகச் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

என்னை மன்னிச்சிடும்மா என்றேன். அவள் அதற்குக் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் சொன்னப்ப நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்களேய்யா. நான் சொல்றதத்தான் எழுதுறீங்கன்னு நெனச்சேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தனக்கே விளக்கிக்கொள்வது போலச் சொன்னாள். பிறகு சின்னையாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெருமாளும் முனியனும் அந்த வருடக் கடைசிக்குள் செத்துப்போனார்கள். மற்றவர்கள் ஜொகூர்ப் பக்கம் ஏதோ தோட்டத்துக்குப் போனதாகக் கேள்வி. விரல் மடங்காத ஒருத்திக்குத் தோட்டத்தில் என்ன வேலை கிடைத்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பேன். அந்த ஈயக் கொட்டகை வேறொரு ஆற்றோரத்துக்கு மாறியது என்றார்கள். எந்த ஆறு என்று தெரியவில்லை.

என் வேலை போகவில்லை. அந்த நாலு நாளைச் சொல்லித் துரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து வந்ததுதான் கடைசி விஷயம். ஓர் இளம் டாக்டர் எங்கள் பழைய கேஸ் புத்தகங்களைக் கேட்டு வந்தார். பெரிபெரிக்குக் காரணம் தீட்டிய பச்சரிசிதான் என்று நிரூபிக்க, யார் எந்த அரிசி தின்றார்கள், யாருக்கு நோய் வந்தது என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த ஐந்து பேர் என்னைப் படுத்துகிறார்கள்" என்றார். "ஒரே இடம். புழுங்கலரிசி மட்டுமே தின்றவர்கள் என்று விசாரித்துவிட்டேன். இவர்களுக்குப் பெரிபெரி வந்திருக்கவே கூடாது. இவர்களைக் காட்டித்தான் என் முடிவு தவறு என்று எல்லாரும் வாதாடுகிறார்கள். எழுத்து உங்களுடையதாமே?"

உட்காரச் சொன்னார். உட்கார்ந்து, முதல் நாள் மாட்டுவண்டியிலிருந்து விசாரணை வரை எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன். அது கல்நெஞ்சு இல்லை. அவர் தேடிக்கொண்டிருந்த உண்மை ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றக்கூடியது, பின்னால் காப்பாற்றவும் செய்தது. என் ஐந்து பொய்கள் அதன் குறுக்கே இத்தனை வருடம் கிடந்திருக்கின்றன.

அவர் ஒரு அடிக்கோலை எடுத்து வைத்து, தன் பட்டியலில் ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தார்.

"அப்படியானால் இவர்களை எதில் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"எதில் சேர்ப்பது? விசாரணையில் நிரூபிக்கப்படவில்லையே" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். காகிதங்களை அடுக்கிக் கட்டிக்கொண்டு, கை கொடுத்துவிட்டுப் போனார்.

பெரிபெரி வந்தவர்களின் கணக்கில் அவர்கள் இப்போது இல்லை. பாஷாணத்தால் விழுந்தவர்கள் என்று ஒரு கணக்கு எழுதப்படவே இல்லை. அங்கம்மாவோ எந்தக் கேஸ் புத்தகத்திலும் ஏறியதே இல்லை, அவளை நான் கட்டிலில் சேர்க்கவில்லை. அவர்கள் ஆறு பேரின் பெயர்களும் இந்தக் காகிதத்தில் இருக்கின்றன. கருப்பையா, சின்னையா, முனியன், ஆறுமுகம், பெருமாள், அங்கம்மா. கிணற்றுத் தண்ணீரில் பாஷாணம். எழுதியவன் நான்.